சட்டியில் மிஞ்சும் எண்ணெய்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் பொரிக்கிற அடுப்பு ஒரு நாளைக்கு இரண்டு முறை மூட்டப்படுகிறது. விடியற்காலையில் பூரிக்கும் மெதுவடைக்குமாக ஒரு முறை. பத்து மணிக்குக் கூட்டம் கலைந்ததும் அடுப்பு அணையும். சட்டியில் பாதிக்கு எண்ணெய் நிற்கும்; அதன் மேல் ஒரு தட்டைப் போட்டு மூடி வைப்பார்கள். நாலு மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள், ஒரகடம் பக்கம் கம்பெனி வேனில் போய் வருகிறவர்கள், கல்குவாரி லாரிக்காரர்கள், களை எடுத்துவிட்டுக் கூலியோடு வீடு திரும்பும் பெண்கள் என்று வரிசையாக வந்து இறங்கும் நேரத்தில் அதே சட்டி மறுபடி சூடேறும். குறைந்த அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றி நிரப்புவார்கள். பஜ்ஜியும் போண்டாவும் மசால் வடையும் அதில்தான். மானாம்பதி, சாலவாக்கம், பெருநகர் என்று இந்தப் பக்கத்து எந்தக் கூட்டுரோட்டில் நின்று பார்த்தாலும் இதுதான் நடைமுறை. நம் வீடுகளில் தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெய் தூக்கு வாளியில் தங்கிப் பொங்கல் வரை தாளிப்புக்கு வருவதும் இதே கதையின் இன்னொரு கிளை.

‘பழைய எண்ணெய் கெடுதல்’ என்பது எல்லோருக்கும் தெரியும். எதனால், எவ்வளவு, யாருக்கு என்று கேட்டால்தான் பேச்சு குழம்புகிறது. ஒரு பக்கம் ‘ஒரு வடை தின்றால் புற்றுநோய்’ என்று வாட்ஸப்பில் பயமுறுத்துகிறார்கள். இன்னொரு பக்கம் ‘எங்க தாத்தா காலத்துல இருந்து தின்னுட்டுத்தான் இருக்கோம்’ என்கிறார்கள். இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, இதுவரை அறிவியல் உறுதியாகச் சொல்லியிருப்பது என்ன, சட்டம் செய்திருப்பது என்ன, அவை இரண்டும் இந்த ஊர்க் கடை வாசல் வரை வந்து சேர்ந்தனவா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பொரிக்கும் சட்டியில் சூடு ஏறக்குறைய 160 முதல் 190 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் எண்ணெயை மூன்று எதிரிகள் ஒரே நேரத்தில் தாக்குகிறார்கள். முதல் எதிரி தண்ணீர். ஊறவைத்து அரைத்த உளுந்து மாவு எண்ணெயில் விழுந்ததும் ‘சொர்’ரென்று சத்தம் வருகிறதே, அது மாவிலுள்ள நீர் ஆவியாகும் சத்தம். அந்த நீர் எண்ணெயின் மூலக்கூறை அறுத்துக் கொழுப்பு அமிலங்களைத் தனியாகப் பிரித்துவிடுகிறது. அப்படிப் பிரிந்தவை கூடக்கூட எண்ணெய் குறைந்த சூட்டிலேயே புகைய ஆரம்பிக்கும். இரண்டாவது காற்று. ஆக்சிஜன் ஏறிய எண்ணெய் முதலில் பெராக்சைடுகளாகவும், அவை உடைந்து ஆல்டிஹைடுகளாகவும் மாறுகிறது. காறல் வாடைக்கும் நாக்கின் அடியில் நிற்கும் கசப்புக்கும் இவைதான் காரணம். மூன்றாவது சூடு. உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசினாகின்றன. வாணலியின் விளிம்பில் எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் ஒட்டியிருக்கும் பழுப்புப் பூச்சு அந்தப் பிசின்தான். எண்ணெய் தடித்துப்போவதும், நுரை அடங்காமல் பொங்குவதும், பூரி ‘எண்ணெய் குடிப்பதும்’ இதனால்தான். கெட்ட எண்ணெயில் பொரித்த பண்டம் கூடுதலாக எண்ணெயை உறிஞ்சும். ஆகவே கெட்டது உள்ளே போவது மட்டுமல்ல, அதிகமாகவும் போகிறது.

இங்கேதான் இரண்டு வேளை அடுப்பு முக்கியமாகிறது. எட்டு மணி நேரம் தொடர்ந்து கொதித்த எண்ணெயைவிட, அதே எட்டு மணி நேரத்தை ஆறவைத்து ஆறவைத்துச் சூடாக்கிய எண்ணெய் விரைவாகக் கெடுகிறது. காரணம் எளியது. ஆறும்போது எண்ணெய் காற்றை உள்ளிழுத்துப் பெராக்சைடுகளைச் சேர்த்துக்கொள்கிறது. அடுத்த வேளை சூடேறும்போது அவை மொத்தமாக உடைகின்றன. எந்நேரமும் அடுப்பு எரியும் நகரத்துப் பெரிய கடையைவிட, காலையும் மாலையும் மட்டும் வியாபாரம் உள்ள கிராமத்துக் கடையின் எண்ணெய்க்கு இந்த விதத்தில் ஆபத்து கூடுதல். மிச்சத்தின் மேல் புது எண்ணெய் ஊற்றுவதும் காப்பாற்றாது. பிரை மோர் பாலை உறைய வைப்பதுபோல், பழைய எண்ணெயில் உள்ள பெராக்சைடு புது எண்ணெயையும் சீக்கிரம் கெடுக்கத் தொடங்கும். சூடான எண்ணெயில் ஒரு சுளை புளியைப் போட்டு எடுத்தால் சுத்தமாகிவிடும் என்பது நம் வீடுகளில் உள்ள நம்பிக்கை. வாடையும் நுரையும் கொஞ்சம் அடங்கலாம். பிரிந்த அமிலமும் சேர்ந்த பிசினும் புளியோடு வெளியே வந்துவிடுவதில்லை. வடிகட்டி கரிந்த மண்டியை எடுக்கும், கரைந்திருப்பதை எடுக்காது.

இந்தக் கெடுதல் எல்லாவற்றையும் சேர்த்து அளக்க ஆய்வகங்கள் ஓர் எண்ணை வைத்திருக்கின்றன: மொத்த முனைவுச் சேர்மங்கள். நூறு பங்கு எண்ணெயில் உருமாறிப்போன பங்கு எத்தனை என்று அது சொல்லும். புது எண்ணெயில் அது சொற்பம். 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது என்பது பல நாடுகள் ஏறத்தாழ ஒப்புக்கொண்ட எல்லை. இந்தியாவில் 2018 ஜூலை 1 முதல் அதுவே சட்டம்.

அந்த எண்ணெய் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது? மனிதர்கள் மேல் நடந்த ஆய்வுகள் குறைவு. நடந்தவற்றில் மூன்று எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், உடல்நலமுள்ள 10 ஆண்களுக்கு ஓர் உணவகத்தில் பல நாள் பொரிக்கப் பயன்பட்ட கொழுப்பில் செய்த சாப்பாட்டைக் கொடுத்தார்கள். நான்கு மணி நேரம் கழித்துக் கை ரத்தக்குழாயைச் சோதித்தார்கள். சாப்பிடும் முன் தேவைக்கேற்ப ஏறக்குறைய 6 விழுக்காடு விரிந்துகொடுத்த குழாய், சாப்பிட்ட பின் 1 விழுக்காடுகூட விரியவில்லை. அதே கொழுப்பைப் பயன்படுத்தாத நிலையில் கொடுத்தபோது இந்தச் சுணக்கம் வரவில்லை. பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் ஒரே ஒரு வேளைச் சாப்பாடு ரத்தக்குழாயில் தடம் பதிக்கிறது என்று அது காட்டியது.

இரண்டாவது, ஸ்பெயினின் மாலகா மாகாணத்தில் பிசாரா என்ற சிற்றூரில் நடந்தது, 2003இல் வெளியானது. அது உத்திரமேரூர்க்காரர் எவருக்கும் நெருக்கமாகப் படும் ஆய்வு. கடைகளுக்குப் போகாமல் வீட்டு அடுப்படிகளுக்குப் போனார்கள். 538 பேரின் சமையலறைகளிலிருந்து பொரித்த எண்ணெயை எடுத்து அளந்தார்கள். அவர்களின் ரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். எண்ணெய் எந்த அளவுக்குக் கெட்டிருந்ததோ அந்த அளவுக்கு அவ்வீட்டாரிடம் உயர் ரத்த அழுத்தம் கூடுதலாகக் காணப்பட்டது. சூரியகாந்தி எண்ணெயைவிட ஆலிவ் எண்ணெய் குறைவாகக் கெட்டிருந்தது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து நடத்திய தொடர் ஆய்வுகளும் இதே திசையைக் காட்டின. சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஐந்து முறை, பத்து முறை பொரித்த எண்ணெயைத் தீவனத்தில் கலந்து மாதக்கணக்கில் கொடுத்தபோது எலிகளின் ரத்த அழுத்தம் ஏறியது. பத்து முறை சூடாக்கிய எண்ணெயில் அது தெளிவாக இருந்தது.

மூன்றாவது ஆய்வு எதிர்ப்பக்கம் பேசுவது. அதை மறைத்துவிட்டு எழுதினால் வாசகரை ஏமாற்றுவதாகும். அதே ஸ்பெயினில் 40,757 பேரை ஏறத்தாழ 11 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2012இல் வெளியிட்ட முடிவு: பொரித்த உணவு சாப்பிட்டதற்கும் இதய நோய்க்கும் தொடர்பு இல்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் ஆலிவ், சூரியகாந்தி எண்ணெய்களில் பொரிக்கிறார்கள். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பழக்கம் குறைவு என்றும் ஆய்வாளர்களே சொன்னார்கள். பொரிப்பது பாவமல்ல, பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பொரிப்பதுதான் சிக்கல் என்று இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

நம் மாநிலத்திலிருந்தே ஓர் ஆய்வு வந்திருக்கிறது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன் சண்முகம் தலைமையிலான குழு, 2024 மார்ச்சில் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் நடந்த உயிர்வேதியியல் மாநாட்டில் அதை முன்வைத்தது. பெண் எலிகளை ஐந்து குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வெறும் தீவனம். மற்ற நான்குக்கும் தினம் 0.1 மில்லி எண்ணெய்: சூடாக்காத நல்லெண்ணெய், சூடாக்காத சூரியகாந்தி, மறுபடி சூடாக்கிய நல்லெண்ணெய், மறுபடி சூடாக்கிய சூரியகாந்தி. முப்பது நாள். மறுபடி சூடாக்கிய எண்ணெய் உண்ட எலிகளின் கல்லீரலில் அழற்சி, பெருங்குடலில் சேதம், கெட்ட கொழுப்பு அதிகரிப்பு எல்லாம் தென்பட்டன. அவற்றின் குட்டிகளிலும் நரம்பணுச் சேதம் கூடுதலாக இருந்தது. எலிக்கு வந்தது மனிதருக்கும் வரும் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அந்தக் குழுவும் மனிதர்களிடம் ஆய்வு தேவை என்றுதான் சொல்கிறது. ஆனாலும் இதில் நமக்கென்றே ஒரு செய்தி இருக்கிறது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் என்றால் எத்தனை முறை காய்ச்சினாலும் ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள் இங்கே உண்டு. எள்ளில் இயற்கையாகவே எண்ணெயைக் காக்கும் பொருள்கள் இருப்பது உண்மை. ஆனால் அந்தக் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு.

எந்த எண்ணெய் எவ்வளவு தாங்கும் என்பது அதிலுள்ள கொழுப்பு அமிலத்தைப் பொறுத்தது. சூரியகாந்தியில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம். காற்றும் சூடும் முதலில் கடிப்பது அதைத்தான். 4-ஹைட்ராக்சி நானினல் என்ற நச்சு ஆல்டிஹைடு அதிலிருந்துதான் பிறக்கிறது. கடலை எண்ணெய் நடுவில். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலில் லினோலெயிக் அமிலம் பத்து விழுக்காட்டுச் சொச்சம்தான் என்பதால் சட்டியில் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். அதில் நிறைவுற்ற கொழுப்பு கூடுதல் என்பது தனிச் சிக்கல். ‘இதயத்துக்கு நல்லது’ என்று படம் போட்ட சூரியகாந்தி எண்ணெய்ப் பாக்கெட்டை வாங்கி, அதையே நான்கு நாள் பொரிக்கும் வீட்டில், அந்தப் படத்துக்கு நான்காம் நாள் எந்தப் பொருளும் இல்லை.

சர்க்கரை நோயாளிகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உணவில் வரும் ஆக்சிஜனேறிய கொழுப்பு அவர்கள் ரத்தத்தில் மற்றவர்களைவிட அதிக நேரம் தங்குகிறது என்று அமெரிக்காவில் 1990களில் நடந்த ஆய்வுகள் காட்டின. 2021 ஆகஸ்ட் 5 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கிராமத்துத் திண்ணைகளில் அந்த மாத்திரை வாங்காத வீடு அரிதாகிவருகிறது. மாத்திரை கொடுக்க வரும் அக்கா, ‘உப்பைக் குறைங்க, சோத்தைக் குறைங்க’ என்று சொல்கிறார். சாயங்காலம் டீயோடு வாங்கித் தின்னும் இரண்டு வடை எந்த எண்ணெயில் வெந்தது என்பதும் அந்தப் பேச்சில் இடம்பெற வேண்டும்.

புற்றுநோய்? பழைய எண்ணெயில் பொரித்ததைத் தின்பதால் மனிதருக்குப் புற்றுநோய் வரும் என்று நேரடியாக நிறுவிய ஆய்வு இல்லை. கெட்ட எண்ணெயிலுள்ள சில ஆல்டிஹைடுகள் மரபணுவைத் தொடும் என்பது ஆய்வகத்தில் தெரிந்தது. அதற்கு மேல் உறுதி சொல்ல இன்றைக்கு இடமில்லை. காரைப்பேட்டை புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்த ஒருவரிடம், ‘நீ தின்ற பஜ்ஜிதான் காரணம்’ என்று உறவுக்காரர்கள் சொல்வது அறிவுமல்ல, அன்புமல்ல.

இனி சட்டம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்ட் 10, உலக உயிரி எரிபொருள் நாளன்று, பயன்படுத்திய எண்ணெயைத் திரட்டி டீசல் ஆக்கும் ‘ரூகோ’ திட்டத்தைத் தொடங்கியது. 2019 மார்ச் 1 முதல் ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்க எண்ணெய் பயன்படுத்தும் நிறுவனங்கள் கணக்கு எழுத வேண்டும், கழிவெண்ணெயை அங்கீகாரம் பெற்ற முகவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்ட் 10இல் அரசு எண்ணெய் நிறுவனங்கள் 100 நகரங்களில் இந்த டீசலை லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தன. நல்ல திட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. பெரிய உணவகங்களும் நொறுக்குத்தீனி ஆலைகளும் கழித்த எண்ணெய் குறைந்த விலையில் சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் சாலையோரக் கடைகளுக்கும் இறங்கிவிடுகிறது என்பதை ஆணையமே சொல்லியிருக்கிறது. அந்த வழியை அடைப்பதற்குத்தான் திட்டம். சீனாவில் சாக்கடையிலிருந்து எடுத்த எண்ணெய் மறுபடி சந்தைக்கு வந்ததும், 2014இல் தைவானில் கழிவெண்ணெய் கலந்த பன்றிக்கொழுப்பு நூற்றுக்கணக்கான கடைகளுக்குப் போய்ச் சேர்ந்ததும் இந்த வழி திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி.

ஆனால் 50 லிட்டர், 100 நகரங்கள் என்ற இரண்டு எண்களையும் உத்திரமேரூரில் நின்று பாருங்கள். இங்கே எந்த வடைக் கடை 50 லிட்டர் ஊற்றுகிறது? இரண்டு லிட்டர், மூன்று லிட்டர், திருவிழா நாளென்றால் ஒரு டின். 25 விழுக்காடு என்ற எல்லை இவர்களுக்கும் பொருந்தும். ஆனால் அதை அளக்கும் கருவி, எண்ணெயில் முனையை நனைத்ததும் எண்ணைக் காட்டும் ஒரு கைக்கருவி, பல ஆயிரம் ரூபாய். உத்திரமேரூர் ஒன்றியத்தில் மட்டும் 73 ஊராட்சிகள். ஓர் அலுவலர் எத்தனை சட்டியில் கருவியை நனைப்பார்? முகவரின் வண்டியோ சின்னக் கடைகளின் அரை லிட்டருக்காகக் கூட்டுரோட்டுக்கு வராது.

ஆகவே ராத்திரி கடை மூடும்போது மிஞ்சும் ஒரு லிட்டர் எண்ணெய்க்குப் போக இடமே இல்லை. ‘கொட்டவா முடியும், காசு கொடுத்து வாங்கினது’ என்பதுதான் கடைக்காரர்கள் எல்லோரும் சொல்வது. அன்றைய லாபத்தில் ஒரு பங்கு அந்தச் சட்டியில் நிற்கிறது. எண்ணெய் விலை ஏறும்போது அந்தப் பங்கும் பெரிதாகிறது. உக்ரைன் போர் மூண்டு, இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்திய 2022இன் கோடையில் பாக்கெட் எண்ணெயின் விலை என்ன பாடு படுத்தியது என்பது கடை வைத்திருப்பவர்களுக்கு மறக்காது. நம் நாடு சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. எங்கோ ஒரு துறைமுகம் மூடினால் மானாம்பதியில் ஒரு சட்டி எண்ணெய் இன்னும் இரண்டு நாள் கூடுதலாகக் கொதிக்கும். இதைக் கடைக்காரரின் பேராசை என்று திட்டுவது எளிது, தவறும்கூட. கழிவெண்ணெய்க்கு ஒரு விலையும் அதை வாங்க ஓர் ஆளும் வாசலுக்கு வந்தால் பெரும்பாலோர் மாற்றிவிடுவார்கள் என்றே நான் நம்புகிறேன்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்க்க வருகிறவர்கள் குடவோலைத் தேர்தலைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தக் கல்வெட்டுகள் சொல்லும் ஊர்ச் சபையில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் இருந்ததுபோல் பொன் வாரியமும் இருந்தது. ஊரில் புழங்கும் பொன்னின் மாற்றைப் பார்ப்பது தனி மனிதரின் சாமர்த்தியமாக விடப்படவில்லை. ஊரின் பொறுப்பாக இருந்தது. வாங்குகிறவர் கண்ணால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றைச் சோதிக்க ஊர் ஆள் வைத்தது. எண்ணெயும் அப்படிப்பட்ட பொருள்தான். வடையைக் கையில் வாங்குகிறவருக்கு அதன் எண்ணெயின் வயது தெரியாது. பேரூராட்சியும் ஒன்றியமும் சேர்ந்து இரண்டு மூன்று கருவிகளை வாங்கி வைத்து, சந்தை நாளில் கடைக்காரர் யாரும் தன் எண்ணெயைக் கொண்டுவந்து காசில்லாமல் சோதித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்யலாம். அபராதம் வேண்டாம், எண் மட்டும் தெரிந்தால் போதும். வீடு வீடாகக் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர் வண்டியிலேயே கழிவெண்ணெய்க்கு ஒரு கேனைக் கட்டலாம். சேர்ந்தது ஒரு டின் ஆனதும் முகவரைக் கூப்பிடலாம். வாய்க்காலில் கொட்டி ஏரிக்குப் போவதும் நிற்கும்.

கருவி வரும்வரை கண்ணும் மூக்கும் போதும். நுரை அடங்கவில்லை, வழக்கத்துக்கு முன்னமே புகைகிறது, ஆறியபின் விரலில் பிசுபிசுக்கிறது, காறல் அடிக்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் அந்த எண்ணெய் போக வேண்டியதுதான். அகன்ற வாணலியைவிடக் குறுகிய வாய்ச் சட்டியில் காற்றுப்படும் பரப்பு குறைவு. இரும்பும் பித்தளையும் எண்ணெய் கெடுவதைத் தூண்டிவிடும்; எவர்சில்வர் மேல். உப்பையும் மசாலாவையும் எண்ணெய்க்கு மேல் தூவாமல் பொரித்த பின் தூவலாம். சிக்கன் பொரித்த எண்ணெயில் மறுநாள் வடை போடக்கூடாது. இறைச்சிக் கொழுப்பும் கரிந்த மிளகாய்த்தூளும் கலந்த எண்ணெய் மற்றதைவிட முன்னதாகவே கெட்டிருக்கும். வீட்டுக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டி நடைமுறைக்கு ஏற்றதாக இருக்கிறது: ஒருமுறை பொரித்த எண்ணெயை வடிகட்டிக் குழம்பு தாளிக்கலாம், மறுபடி பொரிக்க வேண்டாம், ஓரிரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆகவே முறுக்கு சுடும்போதே கொஞ்சமாக ஊற்றிப் பல ஈடாகச் சுடுவது நல்லது. தூக்கு வாளி நிரம்பாது.

இத்தனையும் தின்கிறவரைப் பற்றிய பேச்சு. சட்டிக்கு முன்னால் நிற்பவர் இன்னொருவர் இருக்கிறார். உயர்சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை’ என்ற 2ஏ வகையில் வைத்திருக்கிறது. சீனத்திலும் தைவானிலும் புகை பிடிக்காத பெண்களுக்கு வந்த நுரையீரல் புற்றுநோயை ஆராய்ந்ததும் அந்த முடிவுக்கு ஒரு காரணம். வடையை நான் பத்து நிமிடத்தில் தின்றுவிட்டுப் பேருந்து ஏறிவிடுகிறேன். தகரக் கூரைக்குக் கீழே, புகைபோக்கி இல்லாத மூலையில், ஜல்லிக்கரண்டியோடு காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் நான்கு மணி நேரமும் நிற்பவர் வடை மாஸ்டர். பல கடைகளில் அவர் கடைக்காரரின் மனைவி. பழைய எண்ணெய் சீக்கிரம் புகைகிறது என்று மேலே சொன்னேன். அந்தப் புகை முதலில் போய்ச் சேர்வது அவர் மூச்சில். எண்ணெயை மாற்றச் சொல்லிக் கடைக்குப் போகிற அலுவலரோ செவிலியரோ வாடிக்கையாளரோ, எங்கள் உடம்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவரிடம் கேட்க வேண்டியது: ‘ராத்திரி இருமல் எப்படிக்கா இருக்கு?’